கால் பட்டால் கை ஏன் கண்ணுக்குப் போகிறது

அந்தக் காலத்தில் ஆமைக்கு வாய் நீளம். யானைக்குக் கோபம் குறைவு. கொக்கும் முள்ளம்பன்றியும் பேச உட்கார்ந்தால் மரத்துப் பழம் விழுந்து, முளைத்து, மரமாகி, மறுபடி பழுத்துவிடும். பேச்சு மட்டும் முடியாது.

மனிதன் காட்டுக்குப் புதுசு. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கமாட்டான். எறும்புப் புற்றில் வைப்பான், முயல் வாலில் வைப்பான். வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சாதாரண வெயில் இல்லை. மரத்தடி நிழல்கூடக் கருகி வாசனை அடித்ததாம். காடு முழுக்க வற்றி, ஒரே ஒரு சுனைதான் மிஞ்சியது. சுனைக்கு இறங்கும் வழியில் ஆமை படுத்திருக்கும். ஒச்சன் என்கிற மனிதன் தினமும் அதன் முதுகில் ஏறி மிதித்து இறங்கித் தண்ணீர் மொண்டு போனான். படிக்கல் என்று நினைத்தானாம்.

ஆமை பொறுத்துப் பார்த்தது. பிறகு காட்டுக்குப் பெரியவளான கிழட்டுப் பெண் யானையிடம் வழக்குக் கொண்டுபோனது.

"என் முதுகு என்ன, இவன் வீட்டு வாசப்படியா ஆத்தா? சுனையிலே ஒண்ணு இவன் இருக்கணும், இல்லே நான் இருக்கணும்."

"மனுஷ ஜாதியையே தண்ணிப் பக்கம் விடாதீங்க!" என்று எல்லா மிருகங்களும் கத்தின.

ஒச்சனின் மனைவி சடைச்சி கைக்குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு ஓரமாக நின்றிருந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். சுனை போனால் பால் வற்றும். பால் வற்றினால் பிள்ளை?

கொக்குதான் முதலில் பரிந்து பேசியது. "பாவம், விடுங்க. பிறக்கும்போதே அவனுக்குள்ளே நல்லது இருக்கு. தானா வெளியே வரும்."

"எப்போ வரும்? ஆமை ஓடு நொறுங்கினப்புறமா?" என்றது முள்ளம்பன்றி. "அவன் பிறவியிலேயே கோணல், ஓய். நல்லது வெளியிலேருந்துதான் போகணும். என்கிட்டே விடுங்க, மரியாதை கத்துக்கொடுத்துக் கூட்டிட்டு வரேன்."

சீன தேசத்தில் கன்பூசியஸ் வழி வந்த பெரியவர்களும் வெகு காலம் இதே சண்டையைத்தான் போட்டார்கள். நம் கொக்கு அந்தப் பக்கம் பறந்துபோய் மூட்டிவிட்டிருக்கும் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

யானை காதை ஆட்டியது. "சரி, கத்துக்கொடுத்துப் பாரு. இவனுக்குள்ளே நல்லது ஏதாவது இருந்தா தண்ணி உண்டு. ஒண்ணும் இல்லேன்னா இன்னிக்கே குடும்பத்தோட கிளம்பட்டும்."

முள்ளம்பன்றி ஒச்சனைப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தியது. திரும்பி வந்தான் பாருங்கள், மாப்பிள்ளை கெட்டான்! கைகூப்பினான். இடுப்பு ஒடியக் குனிந்தான். "ஆமையாரே, அடியேன் பிழை பொறுத்தருள வேண்டும்" என்றான். பணிவாகப் பின்னால் நகர்ந்தான். அவன் குனிந்திருந்த நேரத்தில் ஆமை சுற்றிப்போய் அவனுக்குப் பின்னால் படுத்திருந்தது; அதன் மேலேயே நச்சென்று மிதித்தான். மிதித்தது தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றான்.

"ஐயையோ! இப்போ மரியாதையோட மிதிக்கிறானே!" என்று அலறியது ஆமை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொக்கு வெட்கத்தில் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. தீர்ப்புச் சொல்ல யானை தும்பிக்கையைத் தூக்கியது.

சடைச்சிக்கு உயிரே போய்விட்டது. யானை காலில் விழுந்து கெஞ்சலாம் என்று ஓடினாள். ஓடின வேகத்தில், வெளியே நீட்டியிருந்த ஆமையின் கழுத்தில் அவள் கால் இடித்துவிட்டது.

"அச்சச்சோ!"

இடுப்புக் குடம் நழுவி விழுந்து உடைந்தது. அவ்வளவு தண்ணீரையும் மண் ஒரே மடக்கில் குடித்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சட்டென்று உட்கார்ந்து ஆமையின் கழுத்தைத் தொட்டாள்.

"பட்டுடுச்சா சாமி? வலிக்குதா? பாழாப்போன கண்ணு எங்கே போச்சு எனக்கு!"

தொட்ட அதே கையைக் கொண்டுபோய்த் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆமைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இல்லே தாயி, அவ்வளவா வலிக்கலே" என்றது. வளவள ஆமை அவ்வளவு சுருக்கமாகப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"இவளுக்கு இது யார் கத்துக்கொடுத்தது?" என்று கேட்டது யானை.

"நான் இல்லே" என்றது முள்ளம்பன்றி.

"சொன்னேனா, சொன்னேனா!" என்று கொக்கு துள்ளியது.

"துள்ளாதேயும் ஓய்" என்றது முள்ளம்பன்றி. "உள்ளே இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு அவசரமா போறப்போ இருக்குமா? புருஷனுக்கும் உள்ளே இருந்திருக்கும். கவனிக்காம விட்டுக் காய்ஞ்சு கிடக்கு. காயாம இருக்க ஒரு பழக்கம் வேணும்."

கொக்கு யோசித்தது. "அதுவும் சரிதான்" என்றது. அந்தச் சண்டை முடிந்ததைப் பார்த்து, பழுக்காத காய்கூட மரத்திலிருந்து விழுந்ததாம்.

யானை தீர்ப்புச் சொன்னது: "தண்ணி உண்டு. ஆனா யார்மேல கால் பட்டாலும் இவ செஞ்ச மாதிரி தொட்டுக் கண்ணிலே ஒத்திக்கணும். மனசு வந்தாலும் வராட்டாலும் முதல்லே கை போகட்டும். மனசு பின்னாலேயே வந்து சேரும்."

சடைச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சுனைக்கு ஓடி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். ஒச்சன் சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தான். குதித்த கால் பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றியின் காலில் பட்டது. தீர்ப்பு ஞாபகம் வந்து, உடனே குனிந்து அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தொட்டான்.

"அம்மாடி!" கை முழுக்க முள்.

"அச்சச்சோ, குத்திடுச்சா தம்பி?" என்று பதறிவிட்டது முள்ளம்பன்றி. பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தது.

கொக்கு கழுத்தை நீட்டி மெதுவாகக் கேட்டது: "உமக்கு யார் ஓய் கத்துக்கொடுத்தது?"

காடே சிரித்த சிரிப்பில் சடைச்சியின் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தி அதுவும் சிரித்தது. முள்ளம்பன்றி வளைக்குள் ஓடியே போய்விட்டது.

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் இது: நெரிசலில் முன்பின் தெரியாதவர்மேல் நம் கால் பட்டுவிட்டால், மனசு யோசித்து முடிப்பதற்குள் கை அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது, அவரும் "பரவாயில்லைங்க" என்று சிரித்து, நமக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொள்கிறார்.