அனுபவமே சம்பளம்

அரசு வழக்கறிஞர் தணிகாசலம் கோர்ட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவருடைய தொப்பை வரும். பிறகு அவர் வருவார். கடைசியில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு இசக்கியம்மாள் வருவாள். சட்டக் கல்லூரி மாணவி. அவரிடம் பயிற்சிக்கு வந்தவள். பஸ்ஸுக்குக்கூடக் காசு கிடையாது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டதற்கு, "அனுபவம்தாம்மா சம்பளம்" என்று முடித்துவிட்டார். அவர் மகன் பிரணவும் அவள் வகுப்புதான். அவனுக்கு அப்பாவின் சொந்த ஆபீசில் பயிற்சி.

அன்று ஒரு மில் முதலாளி மேல் வழக்கு. பயிற்சி என்று சொல்லிப் பெண்பிள்ளைகளிடம் சும்மா வேலை வாங்கியிருந்தார். அவர் மகனும் அதே மில்லில்தான் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கூண்டில் ஏறியவர், "தொழில் கத்துக்க வந்த பிள்ளைங்கய்யா. அனுபவம்தான் அவங்களுக்குச் சம்பளம்" என்றார்.

அது தணிகாசலத்தின் சொந்த வசனமாயிற்றே. மெல்லப் பின்னால் சாய்ந்து, "இவனை மடக்க ஒரு கேள்வி சொல்லும்மா. இல்லேன்னா சர்டிபிகேட்டை மறந்துடு" என்றார்.

இசக்கியம்மாள் காதோடு சொன்னாள். அவர் நிமிர்ந்தார்.

"உங்க மகனும் உங்ககிட்டதானே தொழில் கத்துக்கிறார்? அவருக்கும் அனுபவம்தான் சம்பளமா?"

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

வெளியே வந்த தணிகாசலத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எப்படிம்மா உடனே தோணுச்சு?"

"உடனே தோணலை சார். பிரணவ் முதல் மாசச் சம்பளத்துல எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் குடுத்தான். அன்னைக்கே உங்ககிட்ட கேக்கணும்னு வச்சிருந்தேன்."

தணிகாசலம் அவள் கையிலிருந்த கட்டுகளை வாங்கித் தானே சுமந்துகொண்டு காருக்கு நடந்தார்.