அமைச்சர் திருப்பிய குமிழ்

மன்னராட்சியும் மின்சாரமும் ஒருங்கே வாய்த்த பாக்கியசாலி நாடு முழக்கபுரி. அதன் மன்னர் திடவர்மருக்குப் பாட்டுப் பதிவு செய்வதில் தீராத ஆசை. ஆசை அளவுக்கு ஞானமும் இருந்திருந்தால் நமக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

ஒருநாள் அரண்மனை ஒலிப்பதிவாளர் தாமோதரனை அழைத்தார்.

"என் பிறந்தநாள் பாட்டில் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும். ஆனால் வாசித்தவரின் கைநயம் துளியும் நசுங்கக் கூடாது. முடியாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள்."

வேறு ஆள் தயாராகவே இருந்தார். அமைச்சர் அம்பலவாணரின் மைத்துனர்.

தாமோதரன் டிரம்ஸ் பதிவுக்கு ஒரு நகல் எடுத்தார். அசலைத் தொடவே இல்லை. நகலைக் கணினியில், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர் பிளகின் என்ற மென்பொருளுக்குள் விட்டு, மேடு பள்ளம் இல்லாமல் நசுக்கினார். அதை, சாம்பாருக்குப் பெருங்காயம்போல, அசலோடு கொஞ்சம் கலந்தார். இடியும் வந்தது, நயமும் நின்றது.

மன்னர் முகம் மலர்ந்தது. அமைச்சர் முகம் வாடியது.

"மன்னா, இது பழங்கால இரும்புக் கம்ப்ரஸர் அல்ல. அதைப்போலத் திரையில் நடிக்கும் பிளகின். போலி வாடை என் காதில் அடிக்கிறது. அசல் இயந்திரம் என் மைத்துனரிடம் இருக்கிறது."

"போலியா?" என்றார் மன்னர். தாமோதரன் தன் ஹெட்போனைச் சுருட்டத் தொடங்கினார்.

அவை விகடர் சூடாமணி அவரைக் கையமர்த்தினார். கணினியில் எதையோ தட்டிவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்.

"அமைச்சரே, உங்கள் காது இருக்க நமக்கென்ன கவலை? பிளகினின் குமிழைத் தாங்களே திருப்பி, போலியை அசலுக்குப் பக்கத்திலாவது கொண்டுவாருங்கள்."

அமைச்சர் மவுஸைப் பிடித்துக் குமிழைத் திருப்பினார்.

"இதோ, இப்போது கொஞ்சம் இரும்பு வருகிறது."

"ஆமாம், வருகிறது," என்றார் மன்னர்.

"இன்னும் ஒரு நூல் திருப்பினால்... போய்விட்டது பாருங்கள்."

"அடடா, போயே போய்விட்டதே."

சூடாமணி பணிவாகச் சொன்னார்: "பிளகினை நான் அப்போதே அணைத்துவிட்டேன், அமைச்சரே. அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காதுக்கு, அசலா போலியா என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?"

மன்னரின் மீசை துடித்தது.

"சூடாமணி, எனக்கும்தான் கேட்டது."

தாமோதரனின் வேலையோடு சூடாமணியின் தலையும் இப்போது ஊசலாடியது.

"தங்களுக்குக் கேட்கத்தான் செய்யும், மன்னா. வரப்போவதை முன்கூட்டியே கேட்பவர்தானே மன்னர்? இந்தப் பிளகின்தான் சோம்பேறி, இன்னும் வந்து சேரவில்லை. இதோ, போட்டுவிடுகிறேன். அமைச்சர் பாவம், சாதாரண மனிதர். அவருக்குக் கேட்டதுதான் பொய்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாமோதரனுக்கு வேலை நிலைத்தது, சூடாமணிக்கு முத்துமாலை விழுந்தது. அவை முழுவதும் சிரித்தது.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அமைச்சர்.