அலைநீளம் உன் இஷ்டம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசை இப்போதே உதிரட்டும்! பௌதிகத் தேர்வு நடத்த வந்த பேராசிரியர் வேதரத்தினம் கனைத்தாலே முப்பட்டகக் கண்ணாடி விரிசல் விடும். அவர் முன்னால் முத்துப்பேச்சி நின்றாள். தவறினால் எக்ஸ்ரே பிரிவில் கிடைத்த வேலை போய்விடும்.

“ஒரு ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லு. அலைநீளம் உன் இஷ்டம். காகிதம், கால்குலேட்டர் கூடாது. இந்தக் காப்பி தீர்றதுக்குள்ள விடை வரணும்!”

டம்ளர் அவர் வாயில் கவிழத் தொடங்கியது. ஆயிரத்து இருநூற்று நாற்பதை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். வகுக்கத்தான் வராது.

“அலைநீளம் ஆயிரத்து இருநூற்று நாற்பது நானோமீட்டர், ஐயா. ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்.”

“அந்த ஒளி கண்ணுக்கே தெரியாதேம்மா!”

“தெரியணும்னு நீங்க சொல்லலையே ஐயா.”

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, அதே எண்ணை அதே எண்ணால் வகுத்துப் பார்த்தார். அறையே சிரித்தது. முழு மதிப்பெண் விழுந்தது.

இந்தக் கதையைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். வேதரத்தினம் என் சம்பந்தி.