திமிங்கலத்தின் விரல்கள்

ஒரு ஊரில் ஒரு பூரணி இருந்தாள். ஆறாம் வகுப்பு. தேர்வில், திமிங்கலத்தின் துடுப்புக்குள் நம் கையில் இருப்பதுபோல ஐந்து விரல் எலும்புகளை வரைந்துவிட்டாள். நூலகப் புத்தகத்தில் படித்ததாம். அவளுடைய டீச்சரோ, படிப்பு முடித்த பிறகு புத்தகத்தைத் தொட்டு அறியாத உத்தமி. சர்ரக்கென்று சிவப்பு மையில் ஒரு கோடு.

"மீனுக்கு விரலா? திங்கக்கிழமைக்குள்ள கண்ணால பாத்துட்டு வந்து வரைஞ்சு காட்டு. இல்லேன்னா அறிவியல் மன்றத்துல உன் பேரு கிடையாது."

கேட்கிறாயா? 'ம்' சொல்லு. சொல்லாவிட்டால் கதை நின்றுவிடும். ஆங்… சரி.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே பூரணியை நகரத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனது. அங்கே கடைசிக் கூடத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இவர்கள் உள்ளே நுழைந்ததோ பதினோரு மணிக்கு. ஆறு மணி நேரம் போதாதா என்கிறாயா? உனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது.

முதலில் அப்பா வேலாயுதம். பலகை என்று ஒன்று இருந்தால் அதை உரக்கப் படிக்காமல் நகரமாட்டார். பதிவு எண்ணைக்கூட விடவில்லை. "தொடாதீர்கள்" என்ற பலகையைப் படித்தபோது, அவருடைய இடது கை முதுமக்கள் தாழியின் மேல் சாய்ந்திருந்தது.

"அப்பா, திமிங்கலம்…"

"இரும்மா. இன்னும் எழுபது பலகைதான்."

அப்போ மணி ஒன்றரை.

அப்புறம் கற்சிலைக் கூடம். அங்கே ஆவுடை அத்தை, அப்பாவின் அக்கா, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் பதினேழு பிள்ளையார்கள். ஒவ்வொருவருக்கும் தன் தலையில் டொக் டொக்கென்று குட்டு, மூன்று தோப்புக்கரணம், மூன்று சுற்று. ஒவ்வொரு தோப்புக்கரணத்துக்கும் அத்தையின் முழங்கால் களுக், களுக்.

காவலர் ஓடிவந்தார். "அம்மா, இது கோயில் இல்ல."

"அப்போ இவரை எதுக்குய்யா உள்ள வச்சுப் பூட்டியிருக்கீய?"

அப்போ மணி மூன்றரை.

தூங்கிவிட்டாயா? ம்… நல்லது.

அப்புறம் அம்மா கோமதி. "எல்லாரும் வெளிய வாங்க, புளியோதரை ஆறிப்போகுது." காலை நான்கு மணிக்குக் கிளறிய புளியோதரை, பிற்பகல் மூன்றரைக்குத்தான் ஆறத் தொடங்கியதாம்! வேப்பமரத்தடியில் போர்வை விரித்து, வடாம் பொட்டலம் பிரித்து, மொறுமொறுவென்று தின்று, கைகழுவி முடித்தபோது மணி நான்கே முக்கால். அத்தை அங்கேயே சாய்ந்தாள்.

"கால் நோவுது. திமிங்கலத்தை டிவியில பாத்துக்கலாம்ட்டி."

பெரியவர்களை விட்டுத் தனியே போகக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பூரணிக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு அடக்கிக்கொண்டாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்:

"அத்தை, பெருமாள் எடுத்த மச்சாவதாரம் எத்தாம் பெருசா இருந்திருக்கும்னு, அங்க வந்து பாத்தா தெரியும்."

பொய் சொல்லவில்லை, கவனித்தாயா?

அத்தை எழுந்தாள். எழுந்தாளா? ஓடினாள்! அவள் பின்னால் மற்றவர்களும் தடதடவென்று ஓடினார்கள். கடைசிக் கூடத்தில் நாற்பதடி எலும்புக்கூடு. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

பீப்ப்ப்! காவலர் விசில். "மணி அஞ்சு. கெளம்புங்க, கெளம்புங்க."

"மூணு சுத்து முடிக்காம வரமாட்டேன். பாதியில நிறுத்துனா தோஷம். ஒம்ம தலையில எழுதிக்கிடட்டா?"

காவலருக்கு இரண்டு பிள்ளைகள். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பதடித் திமிங்கலம், வலிக்கிற முழங்கால், மூன்று சுற்று. பூரணி தரையில் உட்கார்ந்து கிறுகிறுவென்று வரைந்தாள். துடுப்புக்குள் விரல்கள் இருந்தன! எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி எண்ணினாள். நான்குதான். புத்தக நினைப்பில் வரைந்திருந்த ஐந்தாவது விரலை அழித்தாள். அந்த இடத்தில் தாள் சற்றே கிழிந்தது.

திங்கட்கிழமை. டீச்சர் படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

"தேர்வுல அஞ்சு போட்டே. இப்ப நாலா?"

"ஆமா டீச்சர். இந்தத் திமிங்கலத்துக்கு நாலுதான். நான் பாக்காம அஞ்சு போட்டேன். நீங்க பாக்காம தப்பு போட்டீங்க."

டீச்சர் மன்றத்துப் பதிவேட்டை எடுத்தார், திறந்தார், பூரணியின் பெயரைப் பார்த்தார், அடிக்காமல் மூடினார். அப்புறம் அந்தப் படத்தைத் திருப்பித் தரவே இல்லை. தன் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

ம்?… ம் இல்லையா? சரி, கதையும் படுத்துவிட்டது. நீயும் உறங்கு.