தலைமுழுகிய தண்ணீர்

"சாமி, எனக்கு எப்பத்தான் காவி குடுப்பிய?"

நல்லபெருமாள் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை.

மடத்து இளைய சாமி திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கடைத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் கம்பித் தடுப்பின் மேல் நின்று, நீளக் காம்பு போட்ட வாரியால், சிக்கிக் கிடந்த ஒரு பழந்துணியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். துணி வந்தது. அதைத் தண்ணீர் வடிய ஓரத்தில் போட்டார்.

"மணல் நாறுதா?" என்று கேட்டார்.

காலையில் தொட்டியிலிருந்து அள்ளிப் போட்ட மணல் குவியலாகக் கிடந்தது. நல்லபெருமாள் அதில் ஒரு கரண்டி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"நாறுது."

"அப்ப இன்னும் ஆகலை."

அவ்வளவுதான் பதில். போன வாரம் கேட்டபோதும் இதேதான். அதற்கு முந்தின வாரமும் இதேதான்.

நல்லபெருமாளுக்கு எரிச்சலாக வந்தது. வராதா பின்னே? பஜாரில் பாத்திரக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்த மனுஷர். சம்சாரம் எப்போதோ போய்ச் சேர்ந்தாச்சு. கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, மீதிக் காலத்தை மடத்தில் கழிக்கலாம் என்று வந்தார். வயசு அறுபதைத் தொடப்போகிறது. அவருக்கு ஒரு மகன் இருந்தால் சாமி வயசுதான் இருக்கும். கீழே விழுந்து கும்பிட்டு எழுந்தவரிடம் அந்தச் சின்ன வயசுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கையுறை பெரிய அளவா, நடு அளவா?" என்பது.

ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து சேருகிற கழிவுநீர் நிலையம் மடத்து நிலத்தில்தான் இருக்கிறது. சுத்தம் பண்ணுகிற பெரிய வேலையெல்லாம் உள்ளே இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் இரண்டு வேலை உண்டு. கம்பியில் சிக்குகிற துணி, முடி, பிளாஸ்டிக்கை வாரி எடுக்கவேண்டும். அடுத்த தொட்டியில் அடியில் தங்குகிற மணலை அள்ளவேண்டும். இந்த இரண்டையும் மடம் ஏற்றுக்கொண்டது. மடத்தில் சேருகிற எவராக இருந்தாலும் இதைச் செய்துதான் ஆகவேண்டும். சாமிக்கும் விலக்கு கிடையாது.

மணல் தொட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசியில் மதகு மாதிரி ஒரு பலகை உண்டு. அதை ஏற்றி வைத்தால் தண்ணீர் வேகமாகப் போகும், மணலும் கூடவே ஓடி பம்பைத் தின்றுவிடும். இறக்கினால் தண்ணீர் நிதானப்படும், மணல் அடியில் இறங்கும். ரொம்ப இறக்கிவிட்டால்தான் வம்பு. மணலோடு மற்ற அசிங்கமும் சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். அளவாக ஓடவிட்ட தொட்டியில் கிடைக்கிற மணல் ஆற்று மணல் மாதிரி இருக்கும். அதில் நாற்றம் இருக்காது.

இதை நல்லபெருமாளிடம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மனுஷர் வியாபாரி அல்லவா. குவியல் பெரிதாகத் தெரிந்தால்தான் அவருக்கு வேலை நடந்த திருப்தி. பலகையை நன்றாக இறக்கித்தான் வைப்பார்.

அன்றைக்கும் இறக்கித்தான் வைத்திருந்தார்.

மடத்துச் சமையலைப் பார்க்கிற இசக்கியம்மாள் வேகவேகமாக வந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அவளும் மாசத்தில் சில நாள் இதே கம்பியில் நிற்கிறவள்தான்.

"அண்ணாச்சி, உங்க மக வந்திருக்கா. வாசல்ல நிக்கா."

நல்லபெருமாள் முகம் இறுகியது.

"எனக்கு மக கிடையாது. தலைமுழுகியாச்சு."

"கைப்பிள்ளையோட வந்திருக்கா. மாப்பிள்ளைக்கு வடக்க எங்கயோ வேலை கிடைச்சிருக்காம். சாயங்கால ரயிலாம். இனி இந்த ஊர்ப்பக்கம் வர மாட்டேன், ஒரே ஒரு தடவை அப்பா முகத்தைப் பாத்துட்டுப் போயிருதேன்னு சொல்லுதா."

"போன தடவையும் வந்தா. போகச் சொன்னேன்லா. இப்பவும் போகச் சொல்லு."

"போன தடவை நான் போய்ச் சொன்னேன். அந்தப் பாவம் எனக்குப் போதும். இந்தத் தடவை நீங்களே வந்து சொல்லுங்க."

அவள் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நல்லபெருமாள் சாமியிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. காவிக்கு வந்தவனுக்கு மக ஏது, பேரப்பிள்ளை ஏது?"

சாமி வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். வேலை நேரத்தில் அவர் அதைக் கீழே வைத்து நல்லபெருமாள் பார்த்ததில்லை.

"பேரனா, பேத்தியா?"

நல்லபெருமாள் வாயைத் திறந்தார். மூடினார்.

"தெரியாது."

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வடிவு," என்றார். "மக பேரு வடிவு. தாயில்லாப் பிள்ளைன்னு பொத்திப் பொத்தி வளத்தேன் சாமி. கடைசில எனக்கு என்ன செஞ்சா தெரியுமா? சாக்கடை அள்ளுதவன் மகனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா."



இசக்கியம்மாள் அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கையுறை. கையில் மணல் கரண்டி. சாமி பார்வையை எங்கோ வைத்திருந்தார்.

நல்லபெருமாளும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"எங்க வச்சு முழுகினிய?" என்று கேட்டார் சாமி.

"வீட்டுலதான். புறவாசல்ல. குடம் குடமா ஊத்தினேன். ஒவ்வொரு குடத்துக்கும் அவ பேரைச் சொல்லி ஊத்தினேன்."

"போயிட்டாளா?"

நல்லபெருமாள் ஓரத்தில் சிந்திக் கிடந்த மணலைக் காலால் தள்ளினார்.

"போயிட்டாளா?"

"போகலை சாமி. சோத்துல கை வச்சா அவ ஞாபகம். கடையில ஒரு தூக்குவாளியை எடுத்தா, அவ பள்ளிக்கூடம் கொண்டுபோன தூக்குவாளி. இங்க வந்து காவியைக் கட்டினா போயிருவான்னுதான் வந்தேன். இங்கயும் வந்து நிக்கா."

சாமி நடந்து தொட்டியின் கடைசிக்குப் போனார். குனிந்து பலகையைப் பார்த்தார்.

"பலகையை இவ்வளவு இறக்கினது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எல்லாம் அடியில தங்கட்டும்னு."

"தங்கிச்சா?"

நல்லபெருமாள் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே பாலாடை மாதிரி கறுப்பாக ஆடை படர்ந்திருந்தது.

"தங்கிச்சு," என்றார். பிறகு, "அதான் நாறுது," என்றார்.

சாமி பலகையை ஏற்றினார். ஒரேயடியாக ஏற்றவில்லை. கொஞ்சம் ஏற்றினார், நிறுத்திப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஏற்றினார். தண்ணீர் நகர ஆரம்பித்தது. ஆடை கிழிந்து போனது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாமி, ஒண்ணு கேக்கேன்."

"கேளுங்க."

"எங்க வீடு கீழரத வீதி. புறவாசல்ல ஊத்தின தண்ணி தெருச் சாக்கடைக்குத்தான் போகும்."

"ஆமா."

"தெருச் சாக்கடை எங்க வரும்?"

"இங்கதான்."

"அப்ப நான் தலைமுழுகின தண்ணி?"

"இதே கம்பி வழியாத்தான் போயிருக்கும். எப்ப முழுகினிய?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஐப்பசி. அன்னைக்கு நல்ல மழை."

"அந்த ஐப்பசி பூராவும் நான்தான் இங்க நின்னேன்."

நல்லபெருமாள் சாமி பக்கத்தில் வந்தார். கேட்டபோது அவர் குரல் பாத்திரக்கடை முதலாளி குரலாக இல்லை.

"என்ன வந்துது சாமி?"

"துணி வந்துது. முடி வந்துது. மழைக்காலம்லா, மணல் நெறைய வந்துது."

"வேற?"

"ஒரு செருப்பு வந்துது."

"வேற?"

சாமி அவரை நேராகப் பார்த்தார்.

"உங்க மக வரலை அய்யா."

நல்லபெருமாள் குனிந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். இசக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லபெருமாள் கையுறையைக் கழற்றினார். ஒன்று எளிதாக வந்தது. இன்னொன்று வரவில்லை. இசக்கியம்மாள் பிடித்து இழுத்துவிட்டாள்.

அவர் வாசல் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். பாதி தூரம் போனவர் நின்றார். தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"சாமி, கைப்பிள்ளையைத் தூக்கணும். இந்தக் கோலத்துல எப்படித் தொடுவேன்? ஒரு நிமிஷம், குளிச்சிட்டுப் போயிருதேன்."

சாமி வாரியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்பிப் பக்கம் திரும்பியிருந்தார்.

"சோப்புப் போட்டு கை காலைக் கழுவுங்க," என்றார். "சட்டையை மாத்துங்க. தலையில மட்டும் தண்ணி ஊத்தாதிய."