பண்டிதர் பிரித்த பட்டுப்பூச்சிக் குடும்பம்

முன்னொரு காலத்தில் மேட்டுக்கோட்டையை மகுடேந்திரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு நாள் அவருக்கு ஓர் ஆசை: நாட்டிலுள்ள உயிர்களையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பிரித்து எழுத வேண்டும்.

வேலை அவைப் பண்டிதர் கனகசபாபதியிடம் போனது. மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வராமலே எல்லா உயிரையும் பிரித்துவிட்டார். படித்தவரல்லவா, பார்க்காமலே தெரியும்.

"ஊர்வதெல்லாம் புழுக் குடும்பம், அசுத்தம். இனி கோட்டைக்கு வெளியேதான்" என்று வாசித்தார்.

கோட்டைக்குள் புழு வளர்த்தவள் ஒருத்திதான், பட்டுப்புழுக்கார நாச்சாத்தாள். ஒருமுறை பண்டிதர் கொட்டகைக்கு வந்தபோது, "காலைக் கழுவிட்டு வாங்க சாமி, புழுவுக்கு நோய் வந்துடும்" என்றவள். பண்டிதர் அதை மறப்பாரா?

அவள் முறத்தோடு அவைக்கு ஓடிவந்தாள். "மகாராஜா, கூடு கட்டுற நேரமுங்க. இப்ப இடம் மாத்தினா அத்தனையும் செத்துப்போகும். என் பிழைப்பே அதுதான்."

"எழுதியாகிவிட்டது, அம்மா" என்றார் பண்டிதர்.

நாச்சாத்தாள் முறத்திலிருந்து ஒரு பட்டுக்கூட்டை எடுத்தாள். "இது எந்தக் குடும்பம் சாமி?"

"காலில்லை, தலையில்லை. கொட்டைக் குடும்பம். உள்ளே இருக்கலாம்."

முட்டைக்கென்று விட்டுவைத்த கூடு அது. அன்று காலை திறக்கும் என்று நாள் எண்ணித்தான் கொண்டுவந்திருந்தாள். கூட்டின் நுனி நனைந்தது. பூச்சி வெளியே வந்து இறக்கையை விரித்தது.

"இப்ப?"

"இறக்கை இருக்கிறதே... பறவைக் குடும்பம்."

"பறக்கச் சொல்லுங்க."

அது நான்கடி நடந்து அங்கேயே நின்றது. ராஜா குலுங்கிச் சிரித்தார்.

"இது முட்டை போட்டா என்ன பொரியுங்க? நீங்க துரத்துற புழுதான். தாய் ஒரு குடும்பம், பிள்ளை ஒரு குடும்பமா?"

"பிறகு எப்படித்தான் பிரிப்பது?" என்றார் ராஜா.

"யாருக்கு யார் பிறந்தாங்கன்னு பாருங்க மகாராஜா. காட்டிலே ஒரு பூச்சியும் பட்டு நூல் விடுது, ஆனா அது வேற குடும்பம். ஒரே வேலை செஞ்சா சொந்தமாகிடுமா?"

"எதுவானாலும் புழு அசுத்தம்!" என்று கத்தினார் பண்டிதர்.

"அது வாயிலேயிருந்து விட்ட நூலுங்க?"

அவை பண்டிதரின் பட்டுச் சால்வையைப் பார்த்தது. பண்டிதர் ராஜாவின் பட்டு வேட்டியைப் பார்த்தார். ராஜாவும் குனிந்து பார்த்துக்கொண்டார். அந்த நிமிடமே சட்டம் மாறியது.

"நாச்சாத்தாள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பண்டிதர் அவள் கொட்டகையில் புழுவுக்கு இலை போட்டு, கண்ணால் பார்த்து, மறுபடி எழுதட்டும்!" என்றார் ராஜா.

மறுநாள் பண்டிதர் ஏட்டுக்கட்டோடு கொட்டகை வாசலில் நின்றார்.

"வாங்க சாமி" என்று நாச்சாத்தாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

கழுவினார். இரண்டு தடவை.