ஆவுடையப்பன் போட்ட கையெழுத்து

தென்காசி மினிபஸ் கண்டக்டர் ஆவுடையப்பனைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். இவருக்கு அது கிடையாது. இந்த ஐம்பது வயதுக்குள் அவர் வாயிலிருந்து புறப்பட்ட சங்கதிகளில் ஒன்றைக்கூட அவர் திரும்ப வாங்கிக்கொண்டதில்லை. "சும்மா சொன்னேன்" என்று அவர் சொல்லிக் கேட்டவர் ஊரில் ஒருவரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டியை மாற்றிவிட்டு, அக்கா மகள் குழலியோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் புள்ளியியல் படிக்கப் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இடம் கொடுக்கிறது. குழலிக்கு மார்க் இருக்கிறது, வசதி இல்லை. இந்த இடம் கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடை வேலை. விண்ணப்பம் போட அன்றைக்கு ஐந்து மணியோடு கடைசி.

மளமளவென்று அடித்துக்கொண்டே வந்த சென்டர்க்காரி ஞானசெல்வி ஓரிடத்தில் நின்றாள். "படிப்பு தவிர வேற என்னெல்லாம் செஞ்சிருக்கேன்னு கேக்கான், குழலி. ஸ்கவுட்டு, ஸ்போர்ட்ஸ், பேச்சுப்போட்டி, ஏதாச்சும் உண்டா?"

"எங்க ஸ்கூல்ல பி.டி. சாரே கிடையாதுக்கா."

"சொந்தமா ஏதும் பொழுதுபோக்கு இருந்தா அதையும் எழுதலாம்னு போட்டிருக்கு."

பின்னால் பெஞ்சில் இருந்த பிச்சையா செருமினார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனுக்காக, தான் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் எடுக்க வந்திருந்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் அவருக்கே நம்பிக்கை வரும்.

"சர்டிபிகேட் இல்லாத பொழுதுபோக்கு வெறும் வெட்டிப்பொழுதும்மா. அதையெல்லாம் எவன் மதிப்பான்? எம் மச்சினன் யோகா கிளாஸ் வச்சிருக்கான். ஒரு போன் போட்டா மூணு வருசத்துக்குச் சர்டிபிகேட் எழுதி அனுப்பிருவான்."

"வேண்டாம் தாத்தா. நான் பொய் எழுத மாட்டேன்" என்றாள் குழலி.

குழலியின் முகம் வாடியது ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே, அவள் முகம் வாடினால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அண்ணாச்சி, என்ன பேசுதீரு? பொழுதுபோக்கை மதிக்க மாட்டானா? எனக்குக் காலேஜ் சீட்டு கிடைச்சதே பொழுதுபோக்குலதான்!"

ஆவுடையப்பன் பத்தாவதோடு நின்றவர். காலேஜை அவர் பார்த்ததெல்லாம் மினிபஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகும்போதுதான்.

"என்ன பொழுதுபோக்கு வே?"

"விசிலு. பாரத்துல வேற ஒண்ணும் எழுதல. 'விசில் அடிப்பேன்'னு மட்டும் எழுதுனேன். பிரின்சிபால் கூப்பிட்டு, 'எங்க, அடி பாப்போம்'னாரு. மெதுவாத்தான் அடிச்சேன். ரோட்டுல போன பஸ்ஸு நின்னுட்டு."

"பஸ்ஸு விசிலுக்கு நிக்கத்தானய்யா செய்யும்" என்றார் பிச்சையா.

"நிக்கும். திருநெல்வேலி ரோட்டுல போன எல்லா பஸ்ஸுமா நிக்கும்? அம்புட்டும் நின்னுட்டு அண்ணாச்சி. செங்கோட்டை ரயிலு பாவூர்சத்திரம் வரை போனது, நம்மளத்தான் கூப்பிடுதாகன்னு பின்னாலயே வந்துட்டு!"

குழலி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னமோ குறித்தாள். விண்ணப்பத்துக்கு வேண்டிய விவரமாயிருக்கும் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார்.

"ரயிலு பின்னால வந்ததுக்கு ரிக்கார்டு இருக்கா?" பிச்சையா விடவில்லை.

"ரயிலை விடும். ரெண்டாவது விசில் அடிச்சேன் பாரும், குத்தாலத்துல மெயினருவி நின்னுட்டு. அப்படியே பாதியில, அந்தரத்துல! கீழ குளிச்சவன்லாம் தலையில சோப்போட மேல பாத்துக்கிட்டு நிக்கான். கண்ணைத் தொறக்க முடியல. 'எந்தப் பயலே விசில் அடிச்சது'ன்னு ஒரே கூப்பாடு."

ஞானசெல்வி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்புறம் எப்படி அண்ணாச்சி விழுந்துச்சு?"

"நாந்தான் இன்னொரு விசில் குடுத்து 'ரைட்டு' சொன்னேன். ஆனா பாரு, கொஞ்சம் பலமா அடிச்சிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல பெஞ்சுக்கிட்டு இருந்த மழை அப்படியே கணவாய் வழியா இந்தப் பக்கம் ஏறிட்டு. ஜூன் மாசம் வர வேண்டிய சாரலு, ஏப்ரல்லயே வந்து நிக்கி. புனலூர்ல இருந்து மூணு பஸ்ல ஆளு வந்துட்டான். 'சேட்டா, எங்க மழையைத் திருப்பித் தா'ன்னு காலுல விழாத குறை!"

"இம்புட்டு சாமர்த்தியசாலி, சீட்டும் கிடைச்சவரு, பொறகு எதுக்கு வே மினிபஸ்ல டிக்கெட் கிழிக்கீரு?" என்றார் பிச்சையா.

நல்ல கேள்விதான். வேறு ஆளாயிருந்தால் அங்கேயே கவிழ்ந்திருப்பான். ஆவுடையப்பன் பரிதாபமாகச் சிரித்தார்.

"முத நாளு கிளாஸ்ல பழக்கதோசத்துல ஒண்ணு அடிச்சேன். காலேஜு கட்டடம் நாலு அடி நகர்ந்துட்டு. பிரின்சிபால் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'தம்பி, நீ மூணு வருசம் இங்க படிச்சா காலேஜு நாகர்கோவிலுக்குப் போயிரும். எனக்கு அங்க வாடகைக்கு வீடு கிடைக்காது'ன்னாரு. போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்துட்டு வந்தேன்."

"எங்க, இப்ப ஒண்ணு அடியும்."

"அன்னைக்கு அடிச்ச வேகத்துலதான் இந்த முன்பல்லு போச்சு" என்று ஓட்டையைக் காட்டினார் ஆவுடையப்பன். அந்தப் பல் போன வருஷம் முறுக்கு கடித்ததில் போனது.

அப்போது மணி நாலே முக்கால். குழலி நோட்டை மூடி ஞானசெல்வியிடம் நீட்டினாள்.

"அக்கா, இதான் எம் பொழுதுபோக்கு. எழுதுங்க. ஏழாங்கிளாஸ்ல இருந்து மாமா விட்ட புளுகு எல்லாம் இதுல இருக்கு. தேதி, இடம், கேட்டவங்க எத்தனை பேரு, குறுக்க எத்தனை கேள்வி கேட்டாங்க, எல்லாம். இன்னையோட நானூத்திப் பன்னெண்டு."

ஞானசெல்வி பக்கங்களைப் புரட்டினாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதியிருந்தது. அவர் பிடித்ததாகச் சொன்ன ஒரே விரால் மீன், அவள் எட்டாம் வகுப்பில் முழங்கை நீளம். பன்னிரண்டாம் வகுப்பில் மினிபஸ்ஸின் கடைசி சீட்டு வரை.

"ஒரு ஆளு சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டா புளுகு சராசரியா மூணு மடங்கு பெருசாகுது. பொம்பளைங்க கேட்டா ரெண்டரை. பிச்சையா தாத்தா கேட்டா அஞ்சு" என்றாள் குழலி.

பிச்சையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதை எழுதும்மா, எழுது!"

ஞானசெல்வி எழுதினாள். எழுதி முடித்துக் கீழே இருந்ததைப் படித்தாள். "இந்தச் செயலில் நேரடித் தொடர்புடைய ஒருவர், மேற்கண்ட விவரம் உண்மை என்று உறுதி அளித்துக் கையெழுத்திட வேண்டும்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணாச்சி, நீங்கதான் போடணும். நானூத்திப் பன்னெண்டும் நீங்க சொன்ன புளுகுன்னு."

ஆவுடையப்பன் இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானம். போலீஸ்காரர், தாசில்தார், கட்டின பெண்டாட்டி என்று யார் கேட்டும் ஒத்துக்கொள்ளாதவர். பிச்சையா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, சாமி புறப்பாடு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒரு நாலஞ்சு மட்டும் பொய்யின்னு போட்டா ஆகாதா?"

"ஆகாது மாமா. கணக்கு கெட்டுப்போகும்."

மணி நாலு ஐம்பது. அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். பென்சிலில், கோணல்மாணல் எழுத்தில் இருந்தது. 'எனக்குக் காய்ச்சல். ஊசி போடக்கூடாதுன்னு மாமா ஆஸ்பத்திரியைத் தூக்கி மலைக்குப் பின்னால் ஒளிச்சு வச்சிட்டாராம். கேட்டது நான் மட்டும். கேள்வி கேக்கல.'

யாரும் காது கொடுக்கவில்லை என்று நினைத்த நாளிலும் ஒருத்தி எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாள். பேனாவை வாங்கினார். ஞானசெல்வி பிரிண்ட் எடுத்து நீட்டிய தாளில் 'ச. ஆவுடையப்பன்' என்று முழுசாக எழுதிப் போட்டார்.

ஸ்கேன் ஏறியது. நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது. குழலி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கடைசியில ஒத்துக்கிட்டீரே வே!" பிச்சையா தொடையைத் தட்டினார்.

ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, பிள்ளை படிப்புக்காக ஒரு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து ஒண்ணுதான் எம் வாழ்க்கையில நான் சொன்ன பொய்யி. மத்த நானூத்திப் பன்னெண்டும் நடந்தது, சத்தியம்!"

குழலி நின்றபடியே நோட்டை விரித்தாள். "கேட்டவங்க மூணு பேரு. கேள்வி ஒண்ணும் இல்ல. நானூத்திப் பதிமூணு."